கோதுமை தேசத்தில் கோதுமை ஒவ்வாத குழந்தைகள்

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில் ஆண்டுதோறும் டிசம்பர் 13ஆம் தேதி பெரும்பாலான வீடுகளில் ரொட்டியோ பாஸ்தாவோ உண்பதில்லை. 1646ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, புனித லூசியாவின் திருநாளான அந்த நாளில் தானியம் ஏற்றிய கப்பல் துறைமுகத்தை வந்தடைந்ததாகவும், பசியால் வாடிய மக்கள் தானியத்தை மாவாக அரைக்கவும் பொறுமையின்றி அவித்து உண்டதாகவும் அங்கு ஒரு மரபுக் கதை வழங்குகிறது. அதன் நினைவாக அன்று அரிசி உருண்டைகளான அரான்சினே, கொண்டைக்கடலை மாவில் பொரிக்கப்படும் பனெல்லே, அவித்த கோதுமையில் செய்யப்படும் குச்சியா என்ற இனிப்பு ஆகியவையே உணவு.

கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு குழந்தைக்கு ஆண்டில் இந்த ஒரு நாளாவது ஏற்ற நாள் என்று தோன்றலாம். உண்மை அதுவல்ல. குச்சியா முழுக் கோதுமையால் ஆனது. அரான்சினேயின் உள்ளே அரிசி இருந்தாலும் அதன் மேலோடு ரொட்டித் தூள். பனெல்லேயில் கோதுமை இல்லை என்றாலும், தெருவோரக் கடைகளில் அது பெரும்பாலும் ரொட்டிக்குள் வைத்தே விற்கப்படுகிறது; மற்ற மாவுப் பண்டங்கள் பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கப்படவும் கூடும்.

குளூட்டன் உண்ண முடியாத குழந்தையை வளர்ப்பதில் உள்ள சிக்கலை இந்த ஒரு நாளே விளக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் கோதுமையைத் தவிர்ப்பது எளிது. தெரியாத கோதுமையைத் தவிர்ப்பதே கடினம். 1980களிலிருந்து பல ஆயிரம் இலங்கைத் தமிழர்கள் குடியேறியுள்ள இந்த நகரில், அரிசி உண்ட தலைமுறையின் பிள்ளைகள் பாஸ்தாவும் பீட்சாவும் உண்டு வளர்கின்றனர். ஆகவே இந்த விடயம் தமிழ்ப் பெற்றோருக்கும் அந்நியமானதல்ல.

குடலில் நடப்பது என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒரு வகைப் புரதத் தொகுதியே குளூட்டன். மாவைப் பிசையும்போது அதற்கு இழுவைத் தன்மையைத் தருவதும், ரொட்டியைப் புசுபுசுவென்று எழும்பச் செய்வதும் இதுதான். பெரும்பாலானோருக்கு இது எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஆனால் சீலியாக் நோய் உள்ளவர்களின் உடல் இந்தப் புரதத்தை எதிரியாகக் கருதி, தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது.

சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல நீண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகளே உணவிலிருந்து சத்துகளைப் பிரித்தெடுத்துக் குருதிக்கு அனுப்புகின்றன. இந்தத் தாக்குதலில் அவை தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதன் பின்னர் குழந்தை எவ்வளவு உண்டாலும் இரும்பு, கால்சியம், ஃபோலிக் அமிலம் போன்ற சத்துகள் உடலில் போதுமான அளவு சேர்வதில்லை.

இது ஒவ்வாமை அல்ல என்பதை மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குச் சில நிமிடங்களில் உடல் வீங்கலாம், மூச்சுத் திணறலாம். சீலியாக் நோயில் பாதிப்பு மெதுவாக, பெரும்பாலும் ஓசையின்றி ஏற்படுகிறது. தொடர் வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடை கூடாமை ஆகியவை அறியப்பட்ட அறிகுறிகள். ஆனால் பல குழந்தைகளிடம் இவை எதுவும் காணப்படுவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத இரத்தசோகை, வயதுக்கேற்ற உயரமின்மை, தாமதமாகும் பருவமடைதல், காரணமற்ற சோர்வு ஆகியவையே சிலரிடம் வெளிப்படும் அடையாளங்கள்.

இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டன் அற்ற உணவை உண்பதே சிகிச்சை. அதைக் கடைப்பிடித்தால் பெரும்பாலான குழந்தைகளின் குடல் மீண்டும் சீரடைகிறது, வளர்ச்சியும் திரும்புகிறது.

பஞ்சம் கற்பித்த பாடம்

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பு அறியப்பட்டது அண்மைக் காலத்தில்தான். 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்த நோயைத் தெளிவாக விவரித்து, குணமாக வேண்டுமானால் அது உணவின் மூலமாகவே நிகழ வேண்டும் என்று கருதினார். எந்த உணவு என்பதை அவரால் கண்டறிய முடியவில்லை. 1924இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை மையமாகக் கொண்ட உணவுமுறையைப் பரிந்துரைத்தார். அந்த உணவுமுறையில் ரொட்டி விலக்கப்பட்டிருந்ததால் பிள்ளைகள் தேறினர். ஆனால் வாழைப்பழமே மருந்து என்று பலரும் நம்பினர்.

நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கேதான் உண்மையை நிறுவினார். கோதுமையின் மீது அவருக்கு ஏற்கனவே ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில், நாட்டில் ரொட்டி கிடைக்கவில்லை. மற்றக் குழந்தைகள் மெலிந்து வாடியபோது, இந்த நோய் உள்ள குழந்தைகள் தேறி வந்தனர். ரொட்டி மீண்டும் கிடைக்கத் தொடங்கியதும் அவர்களின் நிலை மோசமடைந்தது. டிக்கே இதுபற்றிய தமது ஆய்வேட்டை 1950இல் வெளியிட்டார்.

பிரான்காச்சோவும் பள்ளி உணவும்

பலேர்மோவின் தென்கிழக்கில் அமைந்துள்ள பிரான்காச்சோ, தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதி. மாஃபியாக் குழுக்களின் பிடியில் நெடுங்காலம் இருந்ததாலேயே அதன் பெயர் வெளியுலகுக்குத் தெரியும். அங்கு 1990 முதல் பங்குத் தந்தையாகப் பணியாற்றிய பினோ புலீசி, சிறுவர்களைத் தெருவிலிருந்து மீட்க முனைந்தார். அப்பகுதிக்கு ஒரு நடுநிலைப் பள்ளி வேண்டும் என்று அதிகாரிகளிடம் தொடர்ந்து போராடினார். 1993 செப்டம்பர் 15ஆம் தேதி, தமது 56ஆவது பிறந்தநாளன்று, அவர் மாஃபியாவினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது.

ஒரு பள்ளிக்கூடத்தையே போராடிக் கேட்க வேண்டியிருந்த பகுதியில், பள்ளியின் மூலம் கிடைக்க வேண்டிய மற்ற உரிமைகளும் எளிதில் கிடைப்பதில்லை. குளூட்டன் அற்ற உணவு அவற்றில் ஒன்று.

இந்த நோயைப் பொறுத்தவரை இத்தாலியின் சட்டங்கள் உலகின் தாராளமான சட்டங்களில் அடங்கும். 2005 ஜூலையில் இயற்றப்பட்ட 123ஆம் இலக்கச் சட்டம், பள்ளிகள், மருத்துவமனைகள் மற்றும் பொது நிறுவனங்களின் உணவகங்களில் கோருவோருக்குக் குளூட்டன் அற்ற உணவு வழங்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. நோய் உறுதி செய்யப்பட்டவர்களுக்கு, சிறப்பு மாவு, ரொட்டி, பாஸ்தா ஆகியவற்றை வாங்க அரசு மாதந்தோறும் உதவி வழங்குகிறது. 2018ஆம் ஆண்டு அரசாணையின்படி இந்த உதவி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைக்கு 56 யூரோ, ஆறு முதல் ஒன்பது வயது வரை 70 யூரோ. பத்து முதல் பதின்மூன்று வயது வரை சிறுவர்களுக்கு 100 யூரோவும் சிறுமிகளுக்கு 90 யூரோவும், பதினான்கு முதல் பதினேழு வரை முறையே 124 மற்றும் 99 யூரோவும் உச்சவரம்பாக நிர்ணயிக்கப்பட்டன.

2017 முதல் இது நாட்பட்ட நோய்களின் பட்டியலில் இருப்பதால், தொடர் பரிசோதனைகளுக்குக் கட்டண விலக்கும் உண்டு. நோய் உறுதி செய்யப்பட்டதும் 059 என்ற விலக்குக் குறியீட்டைப் பெற்றுக்கொள்வது பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று.

ஆனால் சட்டத்தின் பயன் எங்கும் ஒரே அளவில் சென்றடைவதில்லை. பள்ளி உணவகத்தில் குளூட்டன் அற்ற உணவு பெறும் உரிமை, உணவகம் உள்ள பள்ளியில் மட்டுமே பொருளுள்ளது. வட இத்தாலியில் பெரும்பாலான பிள்ளைகள் பிற்பகல் வரை பள்ளியில் தங்கி அங்கேயே உண்கின்றனர். சிசிலியில் உணவகம் உள்ள தொடக்கப்பள்ளிகள் மிகக் குறைவு. பெரும்பாலான பிள்ளைகள் நண்பகலை ஒட்டி வீடு திரும்பிவிடுகின்றனர். மிலானில் பள்ளி ஏற்கும் பொறுப்பு, பிரான்காச்சோவில் தாயின் தலைமேல் விழுகிறது. அந்தத் தாய் பிறர் வீடுகளில் வேலை செய்பவராக இருந்தால், நண்பகலில் குழந்தைக்கு உணவு தருபவர் யார், அவருக்கு இந்த நோயைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வியும் எழுகிறது. பலேர்மோத் தமிழர்களில் கணிசமானோர் வீட்டுப் பணியாளர்கள் என்பதால் இந்தக் கேள்வி அவர்களையும் நேரடியாகத் தொடுகிறது.

தமிழர்களுக்கு வராத நோயா?

இது ஐரோப்பியர்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவ உலகிலேயே நீண்டகாலம் நிலவியது. இந்தியாவில் நடந்த ஆய்வுகள் அதனைத் தகர்த்தன. மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, தமிழர்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது.

இந்த நோய்க்குரிய எதிர்ப்புப் புரதங்கள் வட இந்தியாவில் ஆய்வுக்கு உட்பட்டோரில் 1.23 சதவீதத்தினரிடமும், வடகிழக்கில் 0.87 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. தென்னிந்தியாவில் அது 0.10 சதவீதம் மட்டுமே. தென்னிந்தியர்களுக்கு மரபணுப் பாதுகாப்பு ஏதும் உண்டா என்றால், இல்லை என்பதே ஆய்வின் விடை. நோய்க்கு இடமளிக்கும் எச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகள் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில், அதாவது மூவரில் ஒருவரிடம் இருந்தன. பெரிதும் வேறுபட்டது உணவே. நாளொன்றுக்குச் சராசரியாக வடக்கில் 455 கிராம் கோதுமை உண்ணப்பட்டபோது, தெற்கில் அது 25 கிராம் மட்டுமே.

இந்த எண்கள் புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றன. நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. கோதுமை உண்பதாலேயே நோய் வந்துவிடுவதில்லை. ஆனால் மரபணு உள்ள ஒரு சமூகம் அரிசியிலிருந்து கோதுமைக்கு மாறும்போது, அதுவரை வெளிப்படாத நோய் வெளிப்பட வாய்ப்புக் கூடுகிறது. மேற்கு சஹாராவைச் சேர்ந்த அகதிகளின் குழந்தைகளிடம் இத்தாலிய மருத்துவர் கார்லோ கத்தாஸி குழுவினர் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், 5.6 சதவீதக் குழந்தைகளுக்கு இந்த நோய் இருந்தது. உணவு உதவியாக வந்த கோதுமை மாவே அந்த முகாம்களின் அன்றாட உணவாக இருந்தது.

இலங்கையிலும் கோதுமை மா அந்நியமான பொருளல்ல. வெளிநாட்டு உதவியாகவும், பின்னர் 1980 முதல் திருகோணமலையில் இயங்கும் பெரும் மா ஆலையிலிருந்தும் அது மலையகத் தோட்டங்கள் முதல் யாழ்ப்பாணம் வரை சென்றடைந்தது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோரின் உலர் உணவுப் பங்கீட்டிலும் இடம்பெற்றது.

தமிழ்ச் சமையலறையில் மறைந்திருப்பவை

அரிசியும் பருப்பும் காய்கறியும் தேங்காயும் இயல்பாகவே குளூட்டன் அற்றவை. இட்லி, அரிசிக் கஞ்சி, சோறும் கறியும், உளுந்து வடை போன்றவற்றுக்குச் சிறப்பு மாவு தேவையில்லை. இத்தாலியக் குடும்பம் ஒன்று அதிக விலை கொடுத்து வாங்கும் மாற்று உணவு தமிழ் வீட்டில் அன்றாடம் உள்ளது. இந்த நோய் உள்ள குழந்தையை வளர்ப்பதில் தமிழ்ச் சமையல் ஒரு பெரும் வசதி.

ஆனால் கவனிக்க வேண்டிய இடங்களும் உண்டு. முதலாவது பெருங்காயம். கடைகளில் விற்கப்படும் கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். சாம்பாரும் இரசமும் பாதுகாப்பானவை என்று நம்பும் தாய், இந்த ஒரு சிட்டிகையைப் பற்றி நினைப்பதில்லை. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் சந்தையில் உண்டு. பொதியின் மீதுள்ள விவரத்தைப் படித்து வாங்குவதே வழி.

இரண்டாவது, யாழ்ப்பாண முறைத் தோசையிலும் புட்டிலும் இடியப்பத்திலும் சேர்க்கப்படும் அவித்த கோதுமை மா. இவற்றை அரிசிப் பண்டங்கள் என்றே பலரும் கருதுகின்றனர். மூன்றாவது, ரவையும் சேமியாவும். உப்புமா, கேசரி, பாயசம் ஆகியவை இவ்வழியே கோதுமை உணவுகளாகின்றன. கோவில் பிரசாதமாகக் கிடைக்கும் கேசரியும் இதில் அடங்கும். நான்காவது, பார்லியிலிருந்து எடுக்கப்படும் மால்ட் சேர்ந்த பானங்கள். குழந்தை வளரவில்லையே என்ற கவலையில் தரப்படும் மால்ட் பானமே, இந்த நோய் உள்ள குழந்தையின் வளர்ச்சியைத் தடுக்கும். கொத்து ரொட்டி, றோல்ஸ், சோயா சாஸ் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

எவ்வளவு சிறிய அளவு தீங்கு செய்யும் என்பதும் அறியப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனைச் சில மாதங்கள் தொடர்ந்து உண்டாலே குடல் பாதிப்படையலாம் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில், அதாவது இலங்கை வழக்கில் பாணில், சுமார் 2 கிராம் குளூட்டன் உண்டு. அதன் நாற்பதில் ஒரு பங்கே 50 மில்லிகிராம். ஆகவே, கோதுமை மாவு பிசைந்த பலகை, சரியாகக் கழுவாத தோசைக்கல், ஒரே எண்ணெய்ச் சட்டி ஆகியவற்றை அலட்சியம் செய்ய இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குளூட்டன் அற்றது என்று குறிக்கப்படும் உணவில், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

மறுபுறம், அரிசியை மட்டுமே நம்பியிருப்பதும் நல்லதல்ல. அதில் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் குறைவு. குரக்கன் எனப்படும் கேழ்வரகு, தினை, கம்பு, சோளம், பயறு வகைகள், கீரைகள் ஆகியவற்றை மாற்றி மாற்றித் தருவது நலம். இவை அனைத்தும் குளூட்டன் அற்றவை. அரைக்கும் ஆலையில் கோதுமையும் அரைக்கப்பட்டால் மாவில் கலப்பு நேரலாம் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

நற்கருணையும் பிறந்தநாளும்

உணவு உடலுக்கு மட்டுமானதல்ல. கத்தோலிக்கக் குழந்தைக்கு முதல் நற்கருணை வாழ்வின் பெருநாள். அதில் தரப்படும் அப்பமோ கோதுமையால் ஆனது. குளூட்டன் முற்றிலும் நீக்கப்பட்ட அப்பம் திருப்பலிக்குச் செல்லாது என்றும், மிகக் குறைந்த அளவு குளூட்டன் உள்ள அப்பத்தைப் பயன்படுத்தலாம் என்றும் வத்திக்கான் 2003இல் விளக்கியது. 2017இல் அதனை மீண்டும் வலியுறுத்தியது. பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே தெரிவித்தால் இதற்கு ஏற்பாடு செய்ய முடியும்.

பிறந்தநாள் கொண்டாட்டத்தில் கேக் மறுக்கப்படும் குழந்தையின் மனநிலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தமிழ்க் குடும்பங்களில் விருந்தினர் கொடுப்பதை மறுப்பது மரியாதைக் குறைவு. "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று உறவினர் வற்புறுத்துவது அன்பின் அடையாளம். இந்த நோயில் அந்த அன்பே தீங்காகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு நோயை விளக்கிச் சொல்வது, மருத்துவம் பார்ப்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது.

முன்கூட்டியே கண்டறியும் முயற்சி

இத்தாலியில் 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் உறுதி செய்யப்பட்டுள்ளது. மக்கள்தொகையில் நூற்றில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டை வைத்துப் பார்த்தால், நோயை அறியாதவர்களின் எண்ணிக்கை அறிந்தவர்களை விட அதிகம்.

இந்த இடைவெளியை நிரப்ப, ஒன்று முதல் பதினேழு வயது வரையானோரிடம் முதலாம் வகை நீரிழிவையும் சீலியாக் நோயையும் முன்கூட்டியே கண்டறியும் தேசியத் திட்டத்துக்கு இத்தாலி சட்டம் இயற்றியது. தற்செயலாக அந்தச் சட்டத்தின் தேதி 2023 செப்டம்பர் 15. பினோ புலீசி கொல்லப்பட்டுச் சரியாக முப்பது ஆண்டுகள் நிறைந்த நாள். இதற்கான முன்னோட்டம் லொம்பார்தியா, மார்க்கே, கம்பானியா, சார்டீனியா ஆகிய நான்கு பிராந்தியங்களில் 2024இல் நடத்தப்பட்டது. சிசிலி அதில் இடம்பெறவில்லை.

பரிசோதனையே எளிதானதுதான். டிடிஜி எனப்படும் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் உள்ளதா என்று முதலில் பார்க்கப்படுகிறது. அதன் அளவு இயல்பைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது இரத்த மாதிரியிலும் நோய் உறுதியானால், குழந்தைகளுக்குக் குடல் திசுவை எடுத்துப் பார்க்காமலேயே முடிவு செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

இங்கு பெற்றோர் செய்யும் ஒரு தவறை மருத்துவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். சந்தேகம் எழுந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட்டுப் பின்னர் பரிசோதனைக்குச் சென்றால், எதிர்ப்புப் புரதங்கள் குறைந்து, நோய் இல்லை என்று முடிவு வரக்கூடும். பரிசோதனை முடியும் வரை உணவை மாற்றக் கூடாது. ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், அறிகுறி இல்லாவிட்டாலும் உடன்பிறந்தோரும் பெற்றோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நெருங்கிய இரத்த உறவினரில் பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம்.

குழந்தைக்குக் கோதுமையைத் தாமதமாக அறிமுகப்படுத்தினால் நோயைத் தடுத்துவிடலாமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துள்ளது. 2014இல் வெளியான இரு பெரிய ஐரோப்பிய ஆய்வுகளின்படி, தாமதப்படுத்துவது நோயைத் தடுப்பதில்லை. எனவே, நோயில்லாத குழந்தைக்கு அச்சத்தால் கோதுமையை மறுப்பதில் பயனில்லை.

இத்தாலியில் ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமின்றி ஒரு குழந்தை மருத்துவரைத் தெரிவு செய்யும் உரிமை உண்டு. தேசியத் திட்டம் எல்லாப் பிராந்தியங்களையும் எட்டும்வரை, பிரான்காச்சோவில் வளரும் குழந்தையின் நிலை அந்த மருத்துவர் கேட்கும் கேள்வியையும், பெற்றோர் சொல்லும் விடையையுமே சார்ந்திருக்கிறது. மொழி தடையாக இருக்கும் குடும்பத்தில் அந்த உரையாடலே நடக்காமல் போகலாம். பல தமிழ் வீடுகளில் இத்தாலிய மொழியை நன்கு அறிந்தவர் அந்த வீட்டுப் பிள்ளைதான். தன் இரத்தசோகையையும் வயிற்று வலியையும் மருத்துவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய நிலை அதே பிள்ளைக்கு ஏற்படுவது, சட்டங்கள் இன்னும் தொடாத ஒரு குறை.